மீட்ட பின் யார் காப்பது?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில், சங்கராபரணி ஆற்றுப் பக்கம், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த அடிமரங்கள் அவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. பௌர்ணமி நாளில் வக்கிரகாளியம்மனை வழிபட வருவோரில் சிலர் அங்கும் சென்று பார்த்துத் திரும்புகின்றனர்.

அக்கல்மரங்களை 1781-இல் முதன்முதலாக எழுத்தில் பதிவுசெய்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. இந்தியாவுக்கு வருமுன் இளமையில் அவர் பணியாற்றிய இடம் மொரீஷியஸ். அந்நாளில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'பிரான்ஸ் தீவு' என்றனர். அதே 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அத்தீவுக்குக் கப்பலேறினர். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களிலும் தமிழர் பலர். இன்று அந்நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசம் அரசு விடுமுறை.

திருவக்கரைக்கும் மொரீஷியஸுக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்தும், அத்தீவில் நடந்த ஒரு பெரிய நிகழ்வை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு வல்லூறு அங்கே அழிவின் விளிம்புவரை சென்று மீண்டது. மீண்டபின் மறுபடியும் சரிந்தது. தமிழ்நாடு ஒன்றன்பின் ஒன்றாகச் சரணாலயங்களையும் ராம்சர் ஈரநிலங்களையும் அறிவித்துவரும் இக்காலத்தில், அந்தச் சரிவின் காரணத்தை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

நான்கு பறவைகள்

மொரீஷியஸ் கெஸ்ட்ரல் எனப்படும் அந்த வல்லூறு மைனாவைவிடச் சற்றே பெரியது. எடை கால் கிலோவைத் தாண்டாது. திறந்தவெளியில் வேட்டையாடும் பிற வல்லூறுகளுக்கு நீண்டு கூர்ந்த இறக்கை உண்டு. இதற்கோ குட்டையான, முனை மழுங்கிய இறக்கை. அடர்ந்த காட்டுக்குள் கிளைகளுக்கிடையே சட்டென்று திரும்பிப் பறந்து, மரப்பல்லிகளையும் தும்பிகளையும் பிடித்துண்பதற்கு ஏற்ற உடலமைப்பு அது. எரிமலைப் பாறைச் செங்குத்துகளில் உள்ள பொந்துகளிலும் மரப்பொந்துகளிலும் முட்டையிடும்.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கிழக்கே, கடல் நடுவில் தனித்திருந்த தீவு அது. அங்கே வளர்ந்த உயிர்களுக்குத் தரையில் திரியும் வேட்டை விலங்குகளைத் தெரியாது. டோடோ பறவை 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்த கதை உலகறிந்தது. கெஸ்ட்ரல் மெதுவாக அழிந்தது. கரும்புக்காகக் காடு வெட்டப்பட்டது. நல்ல நிலையில் எஞ்சிய இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இல்லை. கப்பல்களில் எலியும் பூனையும் குரங்கும் வந்தன. எலியை ஒழிக்கக் கீரி கொண்டுவரப்பட்டது. அது எலியோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அந்த நஞ்சு உணவுச் சங்கிலியில் மேலேறி, வேட்டைப் பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்யும் என்பது பிறகே தெரியவந்தது.

டி.டி.டி.யைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1973-இல் மொரீஷியஸ் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. காப்பாற்றப்பட்ட மனித உயிர்களில் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளும் இருந்திருப்பர். ஆகவே அந்தத் தெளிப்பைத் தவறென்று இன்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதன் விலையில் ஒரு பகுதியை யாருடைய கணக்கிலும் எழுதாமல் விட்டுவிட்டோம் என்பதே உண்மை. பொருளியலில் இதைப் புறச்செலவு என்போம். அந்தச் செலவைச் சுமந்தது வாயில்லாத ஓர் உயிரினம்.

1974-இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்த கெஸ்ட்ரல்கள் 4 மட்டுமே. அவற்றில் இனப்பெருக்கம் செய்யும் பெண் பறவை ஒன்றே. உலகின் மிக அரிய பறவை என்று அப்போது அதைக் குறிப்பிட்டார்கள்.

கைவிடலாம் என்ற கணக்கு

இந்த இடத்தில்தான் என் துறை உள்ளே வருகிறது. 1979-இல் நார்மன் மையர்ஸ் என்ற சூழலியல் அறிஞர் 'மூழ்கும் பேழை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பாதுகாப்புக்கான நிதி மிகக் குறைவு, அழியும் இனங்களோ மிகப் பல, ஆகவே பிழைக்கும் வாய்ப்புள்ளவற்றுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது அவர் வாதம். போர்க்கள மருத்துவமனையில் காயம்பட்டோரை வகைபிரிப்பது போன்ற முறை இது. கைவிடத் தக்கதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்த மொரீஷியஸ் கெஸ்ட்ரல்.

வாய்ப்புச் செலவு என்பது பொருளியலின் முதல் பாடம். ஒன்றுக்குச் செலவிடும் ரூபாய் மற்றொன்றுக்குக் கிடைக்காது. 1980-களின் பிற்பகுதியில், வகுப்பறையில் அந்தப் பாடத்தை நடத்தியபோது நானும் இந்தப் பறவையை எடுத்துக்காட்டாகச் சொன்னதுண்டு. நான்கு பறவைக்குச் செலவிடும் தொகையில் நாற்பது இனங்களைக் காக்கலாமே என்று கேட்பேன். மாணவர்கள் தலையசைப்பார்கள். நான் அப்படிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மொரீஷியஸ் காடுகளில் புதிய கெஸ்ட்ரல்கள் விடுவிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அது எனக்குத் தெரியவந்தது மிகவும் பிந்தி.

நடந்தது இதுதான். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் 1979-இல் மொரீஷியஸ் வந்தார். நம்பிக்கை தராத அத்திட்டத்தை மெல்ல முடித்துவைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் முடித்துவைக்கவில்லை. பெண் பறவை முதலில் இடும் முட்டைகளை எடுத்துவிட்டால் அது மீண்டும் ஒருமுறை முட்டையிடும் என்பது வல்லூறு வளர்ப்போர் அறிந்த செய்தி. அவர் செங்குத்துப் பாறைகளில் ஏறி முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவந்து அடைகாப்புப் பெட்டியில் பொரிக்கவைத்தார். காட்டிலிருந்த இணைகளுக்குக் கூடுதல் இரை கொடுத்தார். கூடுகளைச் சுற்றிக் கீரிகளைப் பிடித்தகற்றினார். பொந்து கிடைக்காத பறவைகளுக்குக் கூட்டுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஜெரால்டு டரல் நிறுவிய ஜெர்சி அறக்கட்டளையும் அமெரிக்காவின் பெரிகிரின் நிதியமும் துணைநின்றன. 1984-இல் மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை உருவானது.

1984 முதல் 1994 வரை 333 பறவைகள் காட்டில் விடப்பட்டன. 1994-இல் 'மிக ஆபத்தான நிலை' என்ற வகையிலிருந்து 'பாதிக்கப்படக்கூடிய நிலை'க்கு இந்த இனம் இறக்கப்பட்டது. நான்கு பறவையில் தொடங்கி, பத்தே ஆண்டில் கிடைத்த மீட்சி. பறவைப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்கு நிகரானவை மிகச் சில.

எங்கே தவறினோம்?

கைவிடச் சொன்ன கணக்கில் கூட்டல் பிழை ஏதுமில்லை. அதன் அடிப்படை எடுகோள்களிலேயே மூன்று பிழைகள் இருந்தன.

முதலாவது, பிழைக்கும் வாய்ப்பு என்பது வெளியிலிருந்து தரப்பட்ட மாறா எண் என்று கருதியது. முயற்சியும் அறிவும் சேர்ந்தால் அந்த எண்ணே மாறும். 1974-இல் இருந்த அறிவை வைத்துப் பார்த்தால் கெஸ்ட்ரலின் வாய்ப்பு ஏறக்குறைய சுழியம். பத்தாண்டில் அந்த அறிவு வளர்ந்துவிட்டது.

இரண்டாவது, ஒரு திட்டத்தின் பயனை அந்த ஒரு பறவையோடு முடித்துக்கொண்டது. கெஸ்ட்ரலுக்காகப் பயின்ற ஆட்கள், வகுத்த முறைகள், எழுந்த நிறுவனம் ஆகியவை அடுத்து இளஞ்சிவப்புப் புறாவுக்கும் எதிரொலிக் கிளிக்கும் பயன்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவில் நின்ற அந்தப் புறா இன்று சில நூறாகப் பெருகியிருக்கிறது. கூட்டு உற்பத்தியில் ஒரு பொருளின் வருவாயை மட்டும் எழுதி, முழுச் செலவையும் அதன் தலையில் சுமத்தினால் எந்தத் தொழிலும் நட்டத்தில்தான் தெரியும்.

மூன்றாவதே முதன்மையானது: மீளமுடியாமை. 1974-ஆம் ஆண்டிலேயே கென்னத் ஆரோவும் அந்தோணி ஃபிஷரும் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையில் இதை விளக்கினர். எதிர்காலம் தெளிவாகத் தெரியாத நிலையில், திரும்பப் பெறமுடியாத ஒன்றை அழிக்கும் முடிவுக்குத் தனி விலை உண்டு; காத்திருந்து அறிந்துகொள்ளும் வாய்ப்பை அந்த முடிவு பறித்துவிடுகிறது என்பது அதன் சாரம். ஒரு சாலையை இவ்வாண்டு போடாவிட்டால் அடுத்த ஆண்டு போடலாம். ஓர் இனத்தை இவ்வாண்டு இழந்தால் அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அதை வாங்க இயலாது. ஒரே ஆண்டில் ஒரு பறவை நான்காகக் குறைந்ததும், அதன் மதிப்பை அளக்கும் கருவி என் துறையில் உருவானதும் தற்செயலாக நேர்ந்தவை. அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டும் நான் வகுப்பில் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது அவசரம்

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. பள்ளிப் பாடநூலில் சேர்த்துவிட்டு மறந்துவிடலாம். முடியவில்லை.

1994-உடன் பறவைகளை விடுவிக்கும் பணி நிறுத்தப்பட்டது. தீவிரப் பராமரிப்பும் குறைந்தது. இனம் மீண்டுவிட்டது, இனி தன்னைத் தானே காத்துக்கொள்ளும், அரிதாகக் கிடைக்கும் நிதியை அடுத்த இனத்துக்குத் திருப்பலாம் என்பது அன்றைய எண்ணம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2014-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் கெஸ்ட்ரல் மீண்டும் ஒரு படி மேலே, 'ஆபத்தான நிலை'க்கு உயர்த்தப்பட்டது. எண்ணிக்கை 400-ஐ ஒட்டியே இருப்பதாகக் கணிக்கப்பட்டது. தீவின் கிழக்கே பாம்பூஸ் மலைப்பகுதியிலும் தென்மேற்கே பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பகுதியிலும் ஒன்றோடொன்று கலவாத இரு கூட்டங்களாக அவை வாழ்கின்றன. மோக்கா மலைத்தொடரில் விடப்பட்ட கூட்டம் நிலைக்கவில்லை.

காரணங்களைத் தேடினால் புதியது எதுவும் இல்லை. இயற்கைக் காடு வளரவில்லை. அயல்நாட்டுக் கொய்யா போன்ற செடிகள் எஞ்சிய காட்டையும் மூடிவருகின்றன. கீரியும் பூனையும் எலியும் அங்கேயே இருக்கின்றன. மரக் கூட்டுப் பெட்டி மழையிலும் புயலிலும் இற்றுப்போகும்; சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆள் வேண்டும். பருவ மழைப்போக்கு மாறும்போது முட்டையிடுவது தள்ளிப்போகிறது. குஞ்சுகள் கடும் மழைக்காலத்தில் சிக்குகின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய உடல்களின் மரபணுவோடு ஒப்பிட்டதில், மூதாதைப் பறவைகளிடம் இருந்த மரபணு வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டது இன்றைய பறவைகளிடம் இல்லை என்பதும் தெரிந்தது. எண்ணிக்கை மீளலாம், இழந்த அந்த வேறுபாடு மீளாது. ஒரே இணையின் வழித்தோன்றல்கள் புதிய நோயையும் புதிய தட்பவெப்பத்தையும் எதிர்கொள்ளக் கையிருப்பு குறைவு.

இதைப் பொருளியல் மொழியில் சொன்னால் தேய்மானம். ஒரு பாலம் கட்டினால் அடுத்த நாளிலிருந்தே அது தேயத் தொடங்குகிறது. கட்டிய செலவு மூலதனக் கணக்கு. ஆண்டுதோறும் பழுதுபார்ப்பது வருவாய்க் கணக்கு. கட்டிய அன்று திறப்புவிழா நடக்கும். பழுதுபார்ப்பவருக்கு மாலை போடுவாரில்லை. ஆகவே அரசியல் இயல்பாகவே முதலாவதை விரும்புகிறது. இயற்கைப் பாதுகாப்பிலும் இதே ஓரவஞ்சனை. மீட்புக்கு உலகெங்குமிருந்து நிதி வந்தது. கார்ல் ஜோன்ஸுக்கு 2016-இல் இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது. 2022-இல் கெஸ்ட்ரல் மொரீஷியஸின் தேசியப் பறவையாகவும் அறிவிக்கப்பட்டது. இவை யாவும் தகுதியான சிறப்புகள். ஆனால் இற்றுப்போன கூட்டுப் பெட்டியைத் தேசியப் பறவை என்ற பட்டம் மாற்றித் தராது.

கைவிடுவதில் காட்டிய அவசரம் ஒரு பிழை என்றால், வென்றுவிட்டதாக எண்ணுவதில் காட்டிய அவசரம் மற்றொன்று. முதல் பிழையிலிருந்து ஒரு தனிமனிதரின் பிடிவாதம் அந்தப் பறவையைக் காப்பாற்றியது. இரண்டாவதிலிருந்து காப்பாற்றத் தனிமனிதர் போதாது. அதற்கு நிலையான நிதி ஏற்பாடு வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு

திருவக்கரை அமைந்துள்ள வானூர் வட்டத்திலும் அதையடுத்த மரக்காணம் வட்டத்திலும் கழுவெளி ஈரநிலம் பரந்துள்ளது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் அது ராம்சர் ஈரநிலமானது. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்ததோடு தமிழ்நாட்டின் ராம்சர் இடங்கள் 20 ஆயின. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. மகிழத்தக்க செய்தி இது. மொரீஷியஸின் 1994 நமக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். அறிவிப்புகள் முடிந்துவிட்டன. இனி ஆண்டுதோறும் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொள்வது யார்? வேலிக்காத்தானை வெட்டுவது யார்? வலசை வரும் பூனைப்பருந்துகளை எண்ணுவது யார்? ஆக்கிரமிப்பைத் தடுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்குப் பத்து ஆண்டு கழித்தும் ஊதியம் தருவது எந்தக் கணக்குத் தலைப்பு?

ஈரநிலத்துக்காவது ஒரு பெயரும் அரசாணையும் உண்டு. பாறைக்குன்றுகளுக்கு அதுவும் இல்லை. திருவக்கரையைச் சுற்றிலும் கல்குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இங்கிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் செல்கின்றன. அந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அந்த வாகனங்களின் புழுதியைச் சுவாசிக்கும் குடும்பங்களும் ஏராளம். பெரும்பாலும் இரண்டும் ஒரே குடும்பங்கள்.

சமவெளியில் தனித்து நிற்கும் ஒரு பாறைக்குன்று, உயிரினங்களின் பார்வையில் ஒரு தீவு. தீவு சிறிதானால் அதில் நிலைக்கும் இனங்களும் குறையும், அடுத்த தீவு தொலைவிலிருந்தால் புதியவை வந்துசேர்வது கடினம் என்பதை மெக்ஆர்தரும் வில்சனும் 1967-இல் கோட்பாடாக வகுத்தனர். தென்னிந்தியக் குன்றுகளின் பாறை விளிம்புகளில் கூடுவைப்பவை ஷாஹீன் வல்லூறும் கொம்பன் ஆந்தையும். கடலுக்கு நடுவே இருக்கும் தீவை யாரும் தகர்த்து லாரியில் ஏற்றுவதில்லை. நம் நிலத்துத் தீவுகளை நாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

குவாரிகளை மூட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வீடும் மருத்துவமனையும் பள்ளியும் கல் இல்லாமல் எழா. மொரீஷியஸின் மலேரியாவைப் போலவே இங்கும் மனிதத் தேவை உண்மையானது. கேள்வி, அதன் முழு விலையையும் கணக்கில் எழுதுகிறோமா என்பதுதான்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி 1990-களில் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006-இல்தான் அதன் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. கழுகுகள் மறைந்ததால் அழுகிய உடல்களும், தெருநாய்களும், கெட்ட நீரும் பெருகின. இதனால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித உயிரிழப்புகள் நேர்ந்தன என்று இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டுள்ளனர். மலிவான ஒரு மருந்தின் விலைச்சீட்டில் இந்தத் தொகை அச்சிடப்பட்டிருக்கவில்லை. பறவைக்குச் செலவிடுவதா, மனிதருக்குச் செலவிடுவதா என்று கேட்போர் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு இன்று முன்பைவிடத் தெளிவான விடை உண்டு. கனிம நிலங்களுக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடும் அதற்கான சட்டத்தை இயற்றி, 2025 ஏப்ரல் முதல் கனிமம் தாங்கிய நிலங்களின் மீது வரி விதித்துவருகிறது. இதற்கு முன்பே, 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. கருங்கல் போன்ற சிறு கனிமங்களுக்கும் பங்களிப்பை வரையறுக்க மாநிலங்களுக்கு அச்சட்டம் இடம் தருகிறது. அந்நிதியைச் செலவிடவேண்டிய முன்னுரிமைத் துறைகளில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்று.

குன்று ஒருமுறைதான் விற்கும். அதன் வருவாயை ஆண்டுச் செலவில் கரைத்துவிடுவது, நிலத்தை விற்று விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். நம் கிராமங்களில் அப்படிச் செய்பவரை ஊரார் எப்படிப் பேசுவர் என்பது நமக்குத் தெரியும். அழியும் சொத்தின் வருவாயில் ஒரு பங்கை அழியாத சொத்தாக மாற்ற வேண்டும். ஆகவே என் முதல் பரிந்துரை: இந்த வரியிலும் அறக்கட்டளைத் தொகையிலும் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தொடாத வைப்பு நிதியாக்கி, அதன் வட்டியை மட்டும் அந்த மாவட்டத்து இயற்கைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். விழுப்புரத்தில் அது கழுவெளியின் காவலருக்கும் எஞ்சிய குன்றுகளுக்கும் பயன்படும். திட்டம் முடிந்தது என்று ஓர் அதிகாரி கோப்பை மூடினாலும் வட்டி வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, குவாரிக் குத்தகை வழங்குமுன் அந்தக் குன்றின் பாறை விளிம்புகளில் கூடுவைக்கும் பறவைகளை ஓர் இனப்பெருக்கப் பருவம் முழுதும் கணக்கெடுத்து, அதை மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும். எந்தக் குன்றை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்று வெட்டுமுன் தெரிந்துகொள்வது செலவு குறைந்த வழி. நான்கே பறவை எஞ்சிய பின் பாறையில் ஏறுவது மிகச் செலவான வழி.

மூன்றாவது, ஒவ்வொரு சரணாலயத்துக்கும் ஆண்டறிக்கை வேண்டும். ஒரு நிறுவனத்தின் பங்குதாரருக்கு ஐந்தொகை தருகிறோம். சரணாலயத்தின் பங்குதாரர் நாம் அனைவரும். சென்ற ஆண்டு எத்தனை பறவை, இவ்வாண்டு எத்தனை, ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது ஒரே பக்கத்தில் அடங்கும். மொரீஷியஸில் கெஸ்ட்ரலின் சரிவு வெளியில் தெரிந்ததற்குக் காரணம், நிதி குறைந்த ஆண்டுகளிலும் சிலர் கூடுகளை எண்ணுவதை நிறுத்தாமல் இருந்ததுதான். எண்ணாதிருந்தால் அது இன்றும் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும்.

இப்பணிகளில் பெரும்பகுதிக்கு உள்ளூர் ஆட்களே போதும். பாறை ஏறத் தெரிந்தவர்களும் ஏரியின் நீர்மட்டம் அறிந்தவர்களும் இங்கேதான் இருக்கின்றனர். குவாரி வேலை குறையும் காலத்தில் அவர்களுக்கு மாற்று ஊதியமாகவும் இது அமையும்.

வாய்ப்புச் செலவுப் பாடத்தை இப்போது நடத்த நேர்ந்தால் அதே பறவையைத்தான் எடுத்துக்காட்டுவேன். கேள்வியை மாற்றிக் கேட்பேன். நான்கு பறவையைக் காக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கமாட்டேன். நானூறு இருக்கும்போது ஆண்டுதோறும் சிறிதளவு செலவிட்டிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று கேட்பேன்.

திருவக்கரையின் மரங்கள் 2 கோடி ஆண்டு நின்றிருக்கின்றன. கல்லானதால் அவற்றுக்கு வேலி போதும். கழுவெளிக்கு வரும் பருந்துக்கும் மொரீஷியஸின் வல்லூறுக்கும் ஆண்டுதோறும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஊதியம் வேண்டும். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் அரசு முடிவுசெய்ய வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)